எல்லைக் கிராம நோயாளியும் மருந்துச் சோதனையும்

கேரள மாநிலத்தின் தென்கோடியில் அமைந்துள்ளது நெய்யாற்றின்கரை வட்டம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலை நோக்கிச் செல்லும் பழைய தேசிய நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை நகரையும் பாறசாலையையும் கடந்து, களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் நுழைகிறது. 1956 நவம்பர் 1 ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. ஆயினும் கொள்வினை கொடுப்பினை, சந்தை, கூலி வேலை, வழிபாடு ஆகிய எதுவும் அந்த எல்லையோடு நின்றுவிடவில்லை. பாறசாலை, காரோடு, குளத்தூர், குன்னத்துக்கால் போன்ற ஊராட்சிகளில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டிற்குள் வழங்குவது இன்றும் இயல்பாக உள்ளது.

நோய் வரும்போதும் இதே நிலைதான். பாறசாலையில் வட்டத் தலைமை மருத்துவமனையும், நெய்யாற்றின்கரையில் பொது மருத்துவமனையும், எல்லையை ஒட்டிய காரக்கோணத்தில் டாக்டர் சாமர்வெல் நினைவு சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரியும் இயங்குகின்றன. நோய் முற்றினால், 1951 இல் தொடங்கப்பெற்ற திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. எல்லைக்கு அப்பால் ஆசாரிப்பள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. விளவங்கோடு வட்டத்து மக்களில் பலர் உயர் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்தையே நாடி வருகின்றனர்.

2020 மார்ச் 25 இல் நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது இந்த இயல்பான போக்குவரத்து தடைப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 17 ஆம் நாள், திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரையில் பூந்துறையிலும் புல்லுவிளையிலும் கொரோனா தொற்று சமூகப் பரவல் நிலையை எட்டிவிட்டதாகக் கேரள முதலமைச்சர் அறிவித்தார். இவற்றுள் புல்லுவிளை நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த மீனவர் ஊர். அங்கு ஒரே நாளில் 97 பேரிடம் செய்த பரிசோதனையில் 51 பேருக்குத் தொற்று இருப்பது தெரிய வந்தது.

மூச்சுத் திணறலோடு மருத்துவமனையில் சேர்க்கப்படும் இத்தகைய நோயாளி ஒருவருக்கு எந்த மருந்தை, எந்த நாளில், எவ்வளவு தர வேண்டும்? இக்கேள்விக்கு விடை காண உலகெங்கும் நடைபெற்ற சோதனைகளும், அவற்றில் இந்தியாவின் பங்கும், எல்லைக் கிராம மக்களுக்கு அவற்றால் விளைந்த நன்மையும் அறிந்துகொள்ளத் தக்கவை.

தற்காப்பே பகையாகும் நிலை

வைரஸ் ஒன்று சுவாசப் பாதையில் நுழைந்ததும் உடலின் தடுப்பாற்றல் விழித்துக்கொள்கிறது. முதல் சில நாட்களில் வைரஸ் பல்கிப் பெருகுகிறது; அதை அழிக்கத் தடுப்பாற்றல் போராடுகிறது. பெரும்பாலோருக்கு இப்போராட்டம் வெற்றியில் முடிந்து காய்ச்சல் தணிந்துவிடுகிறது. ஒரு சிலருக்கோ, ஏறத்தாழ இரண்டாம் வாரத் தொடக்கத்தில், வைரஸின் பெருக்கம் குறைந்த பின்னரும் தடுப்பாற்றல் அடங்குவதில்லை. இண்டர்லூகின்-6 போன்ற பொருட்கள் இரத்தத்தில் மிகுதியாகச் சுரக்கின்றன. நுரையீரலின் நுண்ணறைகளில் அழற்சி பரவி நீர் கோத்துக்கொள்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறைகிறது. இந்நிலையில் நோயாளியை வீழ்த்துவது வைரஸ் மட்டுமன்று. அவரது தற்காப்புப் படையின் வரம்பு மீறிய செயலும் அதில் சேர்ந்துகொள்கிறது.

இதிலிருந்தே தடுப்பாற்றலை மட்டுப்படுத்தும் மருந்துகளைப் பற்றிய எண்ணம் பிறந்தது. ஆனால் இதில் ஒரு பெரும் இடர் உள்ளது. தடுப்பாற்றலை உரிய காலத்திற்கு முன்பே அடக்கினால் வைரஸுக்கு வழி திறந்துவிட்டதாகும். அளவுக்கு மீறி அடக்கினால் பிற கிருமிகளும் பூஞ்சைகளும் உடலில் புகுந்துவிடும். ஆகவே ஒரே மருந்து ஒரு நோயாளிக்கு உயிர் தரவும் மற்றொருவருக்குத் தீங்கு செய்யவும் கூடும். எந்த நோயாளி எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதை ஊகத்தால் அறிய இயலாது.

குலுக்கல் முறையின் தேவை

எடுத்துக்காட்டாக, பாறசாலைக்கு அருகே ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்கிறார் எனக் கொள்வோம். அவருக்குப் புதிய மருந்து ஒன்று தரப்படுகிறது. பத்து நாட்களில் அவர் குணமடைந்து வீடு திரும்புகிறார். மருந்துதான் அவரைக் காத்தது என்று குடும்பத்தினர் நம்புவது இயற்கை. ஆனால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கொரோனா நோயாளிகளில் பெரும்பாலோர் எந்தச் சிறப்பு மருந்தும் இன்றியே குணமடைந்தனர். அவரும் அவ்வாறு குணமடைந்திருக்க மாட்டார் என்று சொல்ல எவராலும் முடியாது.

இக்குழப்பத்தைத் தீர்க்கும் வழி, ஒத்த நிலையிலுள்ள நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையும், மற்றப் பிரிவினருக்கு அதனுடன் புதிய மருந்தும் தந்து, முடிவை ஒப்பிடுவதாகும். யார் எந்தப் பிரிவில் சேர்வது என்பதை மருத்துவரோ நோயாளியோ தீர்மானித்தல் கூடாது. மருத்துவர் தேர்ந்தெடுத்தால், தெரிந்தோ தெரியாமலோ, தேறிவிடக் கூடியவர்களுக்கே புதிய மருந்து போய்ச் சேரும். எனவே குலுக்கல் முறையிலேயே பிரிவு தீர்மானிக்கப்படுகிறது.

இம்முறை தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. 1956 இல் சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்றை அமைத்தன. காசநோயாளிகள் 193 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினர் வீட்டிலிருந்தவாறும் மற்றவர் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளை ஓராண்டுக் காலம் பெற்றனர். குறுகிய வீடுகளில், போதிய உணவின்றி இருந்த ஏழை நோயாளிகளும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே தேறினர் என்பது 1959 இல் வெளியான முடிவு. உலகின் காசநோய்க் கொள்கையையே மாற்றிய ஆய்வு அது. அம்மையம்தான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகத் திகழ்கிறது. ஏழை நாட்டு நோயாளிக்கு ஏற்ற சிகிச்சை எது என்பதை ஏழை நாட்டு நோயாளிகளிடையே நடத்தப்படும் சோதனையே காட்ட முடியும் என்பதற்கு அதுவே சான்று.

மலிவான மருந்தின் வெற்றி

2020 மார்ச் மாதத்தில் பிரிட்டனில், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பொறுப்பில், ‘ரெக்கவரி’ எனும் சோதனை தொடங்கப்பெற்றது. நூற்று எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட பொது மருத்துவமனைகள் இதில் பங்கு கொண்டன. நெருக்கடியில் உழலும் மருத்துவர்களுக்குச் சுமையாகாதவாறு படிவங்கள் மிகச் சுருக்கமாக அமைக்கப்பட்டன. சோதிக்கப்பட்ட மருந்துகளுள் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டும் ஒன்று. ஆஸ்துமா, ஒவ்வாமை முதலியவற்றிற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் இம்மருந்து, நம் நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைக்கக் கூடியது.

நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வீதம் 10 நாட்கள் வரை இம்மருந்தைப் பெற்றவர்கள் 2,104 பேர்; வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 4,321 பேர். 28 நாட்களுக்குள் இறந்தோர் விகிதம் முதற் பிரிவில் 22.9 சதவீதமாகவும் இரண்டாம் பிரிவில் 25.7 சதவீதமாகவும் இருந்தது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது சிறு வேறுபாடே. ஆனால் நோயின் கடுமைக்கு ஏற்பப் பிரித்துப் பார்த்தபோது உண்மை துலங்கியது.

செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களிடையே இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்று வந்தவர்களிடையே 26.2 சதவீதத்திலிருந்து 23.3 சதவீதமாகக் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களிடையே பலன் ஏதும் காணப்படவில்லை; மருந்து பெற்றோரில் 17.8 சதவீதத்தினரும் பெறாதோரில் 14.0 சதவீதத்தினரும் இறந்தனர். இக்கடைசி வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். எனினும் தீங்கு விளையக் கூடும் என்ற எச்சரிக்கைக்கு அது போதுமானது.

முடிவு 2020 ஜூன் 16 இல் அறிவிக்கப்பட்டது. முதல் நோயாளி சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதங்கள் கூட ஆகவில்லை. சுவாசக் கருவியில் உள்ள ஏறத்தாழ எட்டுப் பேருக்கு இம்மருந்தைத் தந்தால் ஓர் உயிர் காக்கப்படும் என ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அதே மாதம் 27 ஆம் நாள் மத்திய சுகாதார அமைச்சகம் தனது சிகிச்சை நெறிமுறையில் டெக்ஸாமெத்தசோனைச் சேர்த்தது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் மருந்து ஆதலால், அதன் பலன் நகரத்தின் பெரிய மருத்துவமனையோடு நின்றுவிடாமல் பாறசாலை போன்ற ஊர்களின் வட்ட மருத்துவமனை வரை உடனடியாக எட்டக் கூடியதாயிற்று.

பிளாஸ்மா சிகிச்சை கற்பித்த பாடம்

நோயிலிருந்து மீண்டவரின் இரத்தத்தில் அந்நோய்க்கு எதிரான எதிர்பொருட்கள் இருக்கும். அவரது பிளாஸ்மாவை நோயாளிக்குச் செலுத்தினால் கடன் பெற்ற தடுப்பாற்றல் அவருக்குத் துணை நிற்கும் என்பது ஒரு நூற்றாண்டுக்கும் மேலான கருத்து. 2020 ஏப்ரலில் திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், கொரோனாவுக்கு இச்சிகிச்சையை ஆராய்ந்து பார்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அனுமதியைப் பெற்றது. நாடெங்கும் இதன்மீது பெரும் நம்பிக்கை எழுந்தது. பிளாஸ்மா தருவோரைத் தேடிக் குடும்பத்தினர் அலைந்தனர்.

இந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே ஏற்றது. ‘பிளாசிட்’ எனப் பெயரிட்ட அச்சோதனை 2020 ஏப்ரல் 22 முதல் ஜூலை 14 வரை 39 மருத்துவமனைகளில் நடைபெற்றது. நோய் நடுத்தரக் கடுமையில் இருந்த 464 பேர் சேர்க்கப்பட்டனர். பிளாஸ்மா பெற்ற 235 பேரில் 44 பேருக்கும், பெறாத 229 பேரில் 41 பேருக்கும் நோய் கடுமையாயிற்று அல்லது மரணம் நேர்ந்தது. அதாவது 19 சதவீதமும் 18 சதவீதமும், வேறுபாடு இல்லை. பின்னர் ரெக்கவரி சோதனையில், எதிர்பொருள் மிகுந்த பிளாஸ்மாவைத் தேர்ந்தெடுத்துத் தந்து 11,558 பேரிடையே ஒப்பிட்டபோதும், இரு பிரிவிலும் இறப்பு 24 சதவீதமாகவே இருந்தது. 2021 மே 17 இல் பிளாஸ்மா சிகிச்சை தேசிய நெறிமுறையிலிருந்து நீக்கப்பட்டது.

இதனைத் தோல்வி எனக் கருதுதல் தவறு. பயனற்றது எனத் தெரிந்துகொண்ட ஒவ்வொரு சிகிச்சையும் ஏழைக் குடும்பங்களின் அலைச்சலையும் செலவையும் மிச்சப்படுத்துகிறது. வருந்தத் தக்கது ஒன்றே. பிளாசிட் முடிவு 2020 அக்டோபரில் வெளியானபின் நெறிமுறை மாறுவதற்கு ஏழு மாதங்கள் கழிந்தன. இடையில் வந்த இரண்டாம் அலையின்போதும் பிளாஸ்மாவுக்கான தேடல் தொடர்ந்தது.

சிறு சோதனையும் பெருஞ் சோதனையும்

2020 ஜூலையில், சொரியாசிஸ் எனும் தோல் நோய்க்குப் பயன்படும் இட்டோலிசுமாப் என்ற மருந்தை, கடுமையான கொரோனா நோயாளிகளுக்கு அவசர நிலையில் தருவதற்கு நம் நாட்டில் அனுமதி வழங்கப்பட்டது. அதற்கு ஆதாரமாக இருந்த சோதனையில் பங்கு பெற்றோர் 30 பேர். மருந்து பெற்ற 20 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. பெறாத 10 பேரில் மூவர் இறந்தனர். கேட்பதற்கு இது வியப்பூட்டும் வெற்றி. ஆயினும் பத்துப் பேர் கொண்ட பிரிவில் ஓரிருவரின் உடல்நிலை வேறாக இருந்திருந்தால் முடிவே மாறிப்போயிருக்கும். தேசிய நெறிமுறையில் அம்மருந்தைச் சேர்க்க வல்லுநர் குழு இசையவில்லை.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. இண்டர்லூகின்-6 இன் செயலைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்தை இந்தியாவில் 12 மருத்துவமனைகளில் 180 நோயாளிகளிடையே சோதித்தனர். நோய் முற்றியவர்களின் விகிதம் மருந்து பெற்றோரில் 9 சதவீதம், பெறாதோரில் 13 சதவீதம். இவ்வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருக்கக் கூடும் என்பதால் பயன் உறுதியாகவில்லை. ஆனால் ரெக்கவரி சோதனையில் 4,116 பேரிடையே இதே மருந்தை ஒப்பிட்டபோது, இறப்பு 35 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது உறுதிப்பட்டது. நூற்றுக்கு நான்கு உயிர் என்பது பெரும் நன்மை. எனினும் பிரிவுக்குத் தொண்ணூறு பேர் மட்டுமே இருந்தால் அது மூன்று அல்லது நான்கு பேரின் வேறுபாடாகவே தோன்றும். தற்செயலையும் மருந்தின் பலனையும் பிரித்தறிய முடியாது. சிறு சோதனை பயனற்ற மருந்தை உயர்த்திக் காட்டவும் கூடும். பயனுள்ள மருந்தை மறைக்கவும் கூடும்.

மூட்டுவாத நோய்க்கான பாரிசிட்டினிப் மாத்திரை 8,156 பேரிடையே சோதிக்கப்பட்டு, இறப்பை 14 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைத்தது. அமெரிக்க அரசின் ஆதரவில் நடைபெற்று 2023 இல் வெளியான மற்றொரு சோதனையில் அபாட்டாசெப்ட், இன்ஃப்ளிக்ஸிமாப் ஆகிய மருந்துகள் முக்கிய அளவுகோலாகக் கொள்ளப்பட்ட குணமடையும் கால அளவைக் கணிசமாகக் குறைக்கவில்லை. ஆயினும் அவற்றைப் பெற்றோரிடையே இறப்பு குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ‘சாலிடாரிட்டி’ சோதனையில் இந்தியாவும் பங்கு கொண்டது. தடுப்பாற்றலைத் தூண்டும் இண்டர்ஃபெரான் அதில் சோதிக்கப்பட்டபோது, மருந்து பெற்ற 2,050 பேரில் 243 பேரும் பெறாத 2,050 பேரில் 216 பேரும் இறந்தனர். பயன் இல்லை என்பதே முடிவு.

அளவும் காலமும்

பயன் தரும் மருந்தை மிகுதியாகத் தந்தால் பயனும் மிகுமா? இவ்வினாவும் சோதனைக்கு உட்படுத்தப்பட்டது. டென்மார்க், இந்தியா, ஸ்வீடன், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் 26 மருத்துவமனைகளில், மிகுந்த ஆக்சிஜன் தேவைப்பட்ட 1,000 நோயாளிகளிடையே 6 மில்லிகிராமும் 12 மில்லிகிராமும் ஒப்பிடப்பட்டன. உயிர்காப்புக் கருவிகளின் துணையின்றி உயிருடன் கழித்த நாட்கள் மிகை அளவு பெற்றோருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தபோதிலும் வேறுபாடு உறுதிப்படவில்லை. நோய் அத்துணை முற்றாத, ஆக்சிஜன் தேவைப்படாத அல்லது எளிய முறையில் ஆக்சிஜன் பெற்ற நோயாளிகளிடையே ரெக்கவரி குழுவினர் மிகை அளவைச் சோதித்தனர். மிகை அளவு பெற்ற 659 பேரில் 123 பேர் இறந்தனர்; வழக்கமான சிகிச்சை பெற்ற 613 பேரில் இறந்தவர்கள் 75 பேரே. தீங்கு புலனானதும் 2022 மே மாதத்தில் அந்நோயாளிகளிடையே அச்சோதனை நிறுத்தப்பட்டது.

இம்முடிவுக்கு முன்பே நம் நாடு மிகை அளவின் விளைவை வேறு வழியில் அனுபவித்துவிட்டது. 2021 இன் இரண்டாம் அலையில் காய்ச்சல் கண்ட முதல் நாளிலேயே ஸ்டீராய்டு மாத்திரைகளை மருந்துக் கடைகளில் வாங்கி உண்டோர் உண்டு. கருப்புப் பூஞ்சை எனப்பட்ட மியூகோர் நோய் பரவியது. 2021 ஜூன் 28 இல் மத்திய அமைச்சர்கள் குழுவின் முன் வைக்கப்பட்ட கணக்கின்படி நாட்டில் 40,845 பேருக்கு இந்நோய் கண்டது. 3,129 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டோரில் 26,187 பேருக்கு நீரிழிவு இருந்தது. 21,523 பேர் ஸ்டீராய்டு பெற்றவர்கள். நீரிழிவு மிகுந்த மாநிலங்களுள் கேரளமும் தமிழ்நாடும் அடங்கும் என்பதால், எல்லையின் இருபுறத்து மக்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

ஆகவே சோதனைகளின் முடிவை ‘டெக்ஸாமெத்தசோன் நல்ல மருந்து’ என்று மட்டும் சுருக்குதல் ஆகாது. ஆக்சிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிக்கு, நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், பத்து நாட்கள் வரை, மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும்போதே அது நல்ல மருந்து. இம்முடிவை வேறு வைரஸ் காய்ச்சல்களுக்கு அப்படியே நீட்டுவதற்கும் இல்லை. 2009 இல் பரவிய பன்றிக் காய்ச்சலின்போது ஸ்டீராய்டு பெற்றவர்களிடையே இறப்பு மிகுந்திருந்ததாகப் பல ஆய்வுகள் தெரிவித்தன. ஆனால் அவை குலுக்கல் முறைச் சோதனைகள் அல்ல. நோய் முற்றியவர்களுக்கே மருந்து தரப்பட்டிருக்கக் கூடும். அதனால்தான் இன்ஃப்ளுயன்சா நோயாளிகளிடையேயும் இம்மருந்தைச் சோதிக்கும் பணி ரெக்கவரியில் மேற்கொள்ளப்பட்டது.

விலையும் மக்களும்

ஒரு மருந்து பயன் தரும் என நிலைநாட்டப்படுவதாலேயே அது எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை. இரண்டாம் அலையின்போது டோசிலிசுமாப் மருந்தின் விலை பல பத்தாயிரம் ரூபாய். அதுவும் இறக்குமதியாக வேண்டிய நிலை. 2021 ஜூன் 12 இல் கூடிய சரக்கு மற்றும் சேவை வரி மன்றம் இம்மருந்தின் மீதான வரியைத் தற்காலிகமாக முற்றிலும் நீக்கியது. வரி நீக்கம் வரவேற்கத் தக்கதே எனினும், 5 சதவீத வரி குறைவதால் மட்டும் கூலித் தொழிலாளியின் கைக்கு அம்மருந்து எட்டிவிடாது. மாத்திரை வடிவில் உள்ள பாரிசிட்டினிப் நம் நாட்டிலேயே உற்பத்தி செய்யப்பட்டதால் அதன் விலை குறைந்தது. விலை மிகுந்த மருந்துகளை மட்டுமன்றி, உரிமக் காலம் முடிந்த மலிவான மருந்துகளையும் சோதிப்பது அரசின் கடமையாகிறது. லாபம் தராத மருந்தைச் சோதிக்க எந்த நிறுவனமும் தன் பணத்தைச் செலவிட முன்வருவதில்லை. டெக்ஸாமெத்தசோனின் பயன் பொதுப் பணத்தில் நடைபெற்ற சோதனையாலேயே வெளிவந்தது.

ஒப்புதலும் மொழியும்

மருந்துச் சோதனை என்றதும், தம்மை ஆய்வுப் பொருளாக்கிவிடுவார்களோ என்ற அச்சம் கிராம மக்களிடையே எழுவது உண்மை. இவ்வச்சத்தைப் போக்கப் பாதுகாப்புகள் உள்ளன. 2019 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி, ஒவ்வொரு சோதனைக்கும் அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கம் தந்து எழுத்து மூலம் இசைவு பெற வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவராயின் நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எந்த நேரத்திலும் விலகிக்கொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு. அதனால் அவரது சிகிச்சை பாதிக்கப்படலாகாது. 2009 ஜூன் முதல் சோதனைகள் அனைத்தும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் கட்டாயமாகப் பதிவு செய்யப்படுகின்றன.

‘புரியும் மொழி’ என்ற சொற்களின் பொருள் எல்லைக் கிராமங்களில் தனிக் கவனத்திற்குரியது. வீட்டிலும் சந்தையிலும் மலையாளம் பேசும் ஒருவர், பள்ளியில் தமிழ் மட்டுமே கற்றவராக இருக்கலாம். மலையாளத்தில் பேசுவார், ஆனால் மலையாளப் படிவத்தைப் படிக்க இயலாது. விளவங்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரும் நோயாளியின் நிலையும் இதுவே. ஆக்சிஜன் முகமூடியுடன் படுத்திருக்கும் அவரிடம் மாநில மொழிப் படிவத்தை நீட்டிக் கையொப்பம் பெறுவது விதியின் எழுத்தை நிறைவேற்றலாம், நோக்கத்தை நிறைவேற்றாது. குலுக்கல் என்பதன் பொருள், மருந்து தமக்குக் கிடைக்காமலும் போகலாம் என்பது, எப்பிரிவில் இருந்தாலும் வழக்கமான சிகிச்சை தொடரும் என்பது ஆகிய மூன்றும் அவரது வீட்டு மொழியில் சொல்லப்பட வேண்டும்.

செய்ய வேண்டியவை

இவ்வனுபவங்களின் அடிப்படையில் சில நடவடிக்கைகள் தேவைப்படுகின்றன. முதலாவதாக, சோதனைகள் பெருநகர மருத்துவமனைகளோடு நின்றுவிடலாகாது. நெய்யாற்றின்கரை போன்ற நகரங்களின் பொது மருத்துவமனைகளும் பங்கு பெறத் தக்கவாறு எளிய படிவங்களுடன் அவை அமைக்கப்பட வேண்டும். நாட்டின் மருத்துவமனைகளை ஒருங்கிணைத்துச் சோதனைகள் நடத்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கியுள்ள வலையமைப்பு இதற்குத் துணையாகும். கொள்ளை நோய் வந்தபின் விதிகள் வகுத்துக்கொண்டிராமல், சாதாரண ஆண்டுகளிலேயே இன்ஃப்ளுயன்சா, நிமோனியா நோயாளிகளிடையே சோதனைகள் நடந்துகொண்டிருந்தால், நெருக்கடியின்போது புதிய மருந்தை உடனே சேர்த்துவிடலாம்.

இரண்டாவதாக, இருமொழி வட்டங்களில் தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழிகளிலும் ஒப்புதல் படிவங்கள் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். இரு மொழியும் அறிந்த செவிலியருக்கும் சுகாதாரப் பணியாளருக்கும் சோதனையை விளக்கிச் சொல்லப் பயிற்சி அளித்தல் நலம்.

மூன்றாவதாக, சோதனையின் முடிவு பெரும்பாலும் 28 ஆம் நாளில் கணக்கிடப்படுகிறது. அதற்குள் நோயாளி வீடு திரும்பியிருப்பார். எல்லை தாண்டியும் சென்றிருப்பார். அவர் நிலை தெரியாமற் போனால் ஆய்வின் கணக்கில் ஓர் இடம் வெறுமையாகும். அவரது ஊரின் ஆரம்ப சுகாதார நிலையம், எம்மாநிலத்தைச் சேர்ந்ததாயினும், அத்தகவலைத் தந்துதவ இரு மாநிலங்களும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் காலத்திலும் நோயாளிகளுக்கும் இத்தகவலுக்கும் எல்லை திறந்திருத்தல் அவசியம்.

நான்காவதாக, முடிவு தெரிந்ததும் அது வட்ட மருத்துவமனைக்கும், மருந்துக் கடைக்கும், ஊராட்சிக்கும் விரைந்து சென்று சேர வேண்டும். எந்நிலையில் ஸ்டீராய்டு உண்ணலாகாது என்ற ஒரு செய்தி 2021 ஏப்ரலில் ஒவ்வொரு வீட்டிற்கும் எட்டியிருக்குமானால் பல கண்களும் உயிர்களும் தப்பியிருக்கும்.

சோதனையில் பங்கு கொள்ளும் நோயாளி, தமக்குப் பலன் உறுதியில்லை என்பதை அறிந்தே பிறருக்காகத் தம் உடலை ஒப்புக்கொடுக்கிறார். அவரது இசைவு அவருக்கு விளங்கும் மொழியில் பெறப்படுவதும், அவர் வழியே கிடைத்த அறிவு அவரது கிராமத்து மருத்துவமனைக்கே முதலில் திரும்பி வருவதும் அவருக்கு நாடு செலுத்த வேண்டிய கடன் ஆகும்.